சம்பந்தியம்மாவின் குரலுக்கு நான் கட்டிய ஃபீஸ்

மகள் போன் செய்தபோது கடையில் கூட்டம். திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குக் காலை வேளையில் போன் பேச நேரம் ஏது? பட்டா, ஆதார், சாதிச் சான்று என்று ஆளாளுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "சொல்லுடி, ஜல்தியா சொல்லு" என்றேன்.

"எம்மா, இங்க விழுப்புரத்துல ஒரு கிளாஸு ஆரம்பிக்கிறாங்க. பிரசவத்துக்கு முன்னாடி போறது. ஹிப்னாசிஸ்னு சொல்றாங்க. மனசைத் தளர விட்டா ஒடம்பும் தளருமாம். பயம் கொறையுமாம். சேரலாம்னு இருக்கேன்."

"இன்னாது? மேடையில ஒருத்தனைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழத்தை ஆப்பிள்னு சொல்லித் தின்ன வைப்பானே, அதுவா?"

"அய்ய, அது இல்லம்மா. நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன். மூச்சு விடறது, ஒருத்தர் மெதுவா பேசறதைக் கேட்டுக்கினே ஒடம்பை லூசா விடறது, அவ்ளோதான்."

"மூச்சு விடறதுக்கு ஃபீஸா? எவ்ளோ?"

சொன்னாள். கடையில் மாதம் முழுக்க நின்று நான் பார்க்கிற காசில் பாதிக்கு மேல். "அடிப்பாவி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் மாமியார் பேச்சை எடுத்தாள்.

"அத்தையே கட்டிட்றேன்னு சொல்லிட்டாங்க. கூட ஒருத்தர் வந்து கத்துக்கணுமாம். அதுக்கும் அத்தையே வர்றாங்களாம். பிரசவத்தப்ப அவங்கதான் என் பக்கத்துல இருந்து பேசிக்கினு இருக்கணுமாம்."

அன்றைக்கு ஒரு பெரியவருடைய பட்டாவை மறுபுறமாக வைத்து வெறும் வெள்ளைத்தாளாக மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். அவரும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய், பாதி வழியில் திரும்பி வந்து சத்தம் போட்டார். நான் காதில் வாங்கவே இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பொய் சொல்வானேன், அது பொறாமைதான். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒரே ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். அந்த ஒருத்தி நான்தான் என்று என்றைக்கோ எழுதி வைத்ததுபோல நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் பக்கத்தில், அவள் வாழ்க்கையிலேயே பெரிய நாளில், வேறு ஒருத்தி நிற்பாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கைக் காவல் காப்பேன். நினைக்க நினைக்க ஆறவில்லை.

சம்பந்தியம்மா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! ஊர் பூராவும் சொல்லித் தீர்த்திருப்பேன். அவளோ ஒரு குறையும் இல்லாதவள். காணை கிராமத்தில் நிலம், கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும். பிள்ளைகள் படிப்புக்காக விழுப்புரத்தில் வீடு கட்டி வந்தவர்கள். இன்றைக்கும் அவள் டவுன் பஸ் பிடித்துப் போய்க் கொல்லையில் பயிரைப் பார்த்துவிட்டு வருவாள். இரண்டும் ஆண்பிள்ளைகள். என் மருமகன் மூத்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, வாரக்கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் என் மகளும் அவளும்தான். அவள் குரல் வேறு தணிந்த குரல். அவள் பேசினால் கேட்கிறவர்கள்தான் காதை முன்னால் கொண்டுபோக வேண்டும். நான் பேசினால் பக்கத்து டீக்கடைக்காரர் பதில் சொல்லுவார்.

கேப்பைக் களி என்றால் என் வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனவள் என் மகள். அங்கே போய் மாமியார் கிண்டின களியை மல்லாட்டைத் துவையலோடு வைத்துப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்புகிறாள், "சூப்பர்" என்று எழுதி. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலே பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அங்கே மாமியார் மடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும் ஒரு போட்டோ. எடுத்தது யார் என்று பார்த்தால் மருமகன். குடும்பமே சேர்ந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

ஐந்தாம் மாதத்தில் சம்பந்தியம்மா என்னையும் கூப்பிட்டுக்கொண்டு திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனாள். அங்கே வட்டப்பாறை என்று ஒரு இடம் இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் சும்மா விடாது என்று எங்கள் பக்கம் எல்லோருக்குமே பயம். சரியாக அந்த இடத்தில் நின்றுகொண்டு அவள் சொல்லுகிறாள்: "நம்ம ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரே பொண்ணுதாங்க சம்பந்திம்மா. இல்லீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு எங்கேயாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை. "செருப்பை எங்க விட்டேன்னு தெரியலையே" என்று குனிந்து தேடிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். செருப்பு வண்டியிலேயே இருந்தது.

அப்படிப்பட்டவள்தான் இப்போது ஃபீஸ் கட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். வீட்டுக்காரரிடம் கொட்டினேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. அவங்க காசு போட்டா நாளைக்கு நம்மள என்னன்னு பேசுவாங்க?" என்றேன்.

"அப்ப நீ கட்டிடு."

"நான் கட்டினாலும் பக்கத்துல ஒக்காரப் போறது அந்தம்மாதானே? அவங்க ஒக்கார்றதுக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கணுமா?"

"அப்ப வேணாம்னு சொல்லு."

"அதான் சொல்லப் போறேன். மூச்சு விட யாருக்குடி கிளாஸுன்னு கேக்கப் போறேன்."

அவர் சிரித்தார். "ஒனக்கு ஃபீஸு பேஜாரு இல்ல. அந்தம்மாதான் பேஜாரு."

மனுஷன் உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டேன். சுத்த ஏமாற்று வேலை, ஊரில் யார் இதெல்லாம் கற்றுக்கொண்டு பெற்றார்கள், அந்தக் காசுக்கு ஒரு காது ஜிமிக்கி வாங்கலாம் என்று வரிசையாகப் பேசினேன். அவள் எதிர்த்துக் கத்துவாள், நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "பயமா இருக்கும்மா. வயித்துல அது அசையறப்பல்லாம் சந்தோஷமாவும் இருக்கு, ஒடனே பயமும் வருது. தூங்க முடியல. யார்கிட்டயும் சொல்லல."

'யார்கிட்டயும்' என்றால் மாமியாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது. ஆனாலும் மகள் பயந்து கிடக்கும்போது ஜிமிக்கி பேசிக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரி வகுப்பு இருக்கிறது, காசில்லாமல் பார்க்கலாம் என்றாள். "நானும் வர்றேன், பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். பார்த்துவிட்டுக் குறை சொல்லித் தடுத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

டியூஷன் சென்டர் ஒன்றின் மாடியில் வகுப்பு. பாய் விரித்து, தலையணை போட்டு வைத்திருந்தார்கள். மாசமாக இருக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், ஒவ்வொருத்திக்கும் கூட ஒரு ஆள். சொல்லிக்கொடுக்கிறவள் புதுச்சேரிக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. எடுத்த எடுப்பிலேயே, "இங்க வலிங்கிற வார்த்தையே கிடையாதும்மா. அலைன்னு சொல்லிப் பழகுங்க. அலை வரும், போயிடும்" என்றாள்.

"அலை பாக்கணும்னா மரக்காணம் பீச்சுக்குப் போனா போதாதா? டவுன் பஸ்ல போயிட்டு வந்துடலாமே" என்றேன். பக்கத்துப் பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் என் தொடையில் கிள்ளினாள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் எல்லாப் பெண்களையும் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். கூட வந்தவர்கள் தோளில் கை வைத்து, தங்களுக்கு மனசு அமைதியாகிற ஒரு இடத்தைப் பற்றி மெதுவாகச் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மா என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கால்மாட்டில், சுவரில் சாய்ந்துகொண்டு, எங்கே தப்புப் பண்ணுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முதலில் வெட்கம். "எனக்கு இன்னா தெரியும், மல்லாட்டைக்குத் தண்ணி கட்றது தெரியும்" என்றாள். அதையே சொல்லுங்கள் என்றாள் புதுச்சேரிக்காரி.

"மோட்டாரு போட்டாச்சி கண்ணு. தண்ணி வருது. வாய்க்கால்ல மெதுவா வருது. அவசரமில்ல. மொத பாத்தியில எறங்குது. மண்ணு குடிக்குது. குடிக்கட்டும். நெறையட்டும். ஓரம் வரைக்கும் வந்துட்டுது. இப்ப இந்த மடையை அடைச்சிட்டேன். அடுத்த மடையைத் தொறந்துட்டேன். அடுத்த பாத்திக்குப் போவுது. அவசரமில்ல கண்ணு. மண்ணு குடிக்கட்டும்..."

இதென்ன, வயல் வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, இதைக் கேட்டு யாருக்கு மனசு தளரும் என்று நினைத்தேன். நினைத்தது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவது பாத்தி நிறைந்ததும் தெரியும். மூன்றாவதில் தண்ணீர் இறங்கியதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதுச்சேரிக்காரி கை தட்டின சத்தத்தில் விழித்தேன். பாய்களில் இருந்த எல்லாரும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் ஓரத்தில் ஈரம். குறட்டை விட்டிருக்கிறேன் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. அன்றைக்கு அடித்துப்போட்டதுபோலத் தூங்கியிருக்கிறேன், அதுவும் இவள் குரலைக் கேட்டு! என் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. யார் போர்த்தினது என்று கேட்கவே தேவையில்லை. அவளுடைய துண்டுதான், காணை மண்வாசனையோடு.

"சுத்த ஏமாத்து வேலை" என்றேன் படி இறங்கும்போது, சொல்லியாக வேண்டுமே என்று.

"ஏமாத்து வேலையில மொத ஆளா ஏமாந்தது நீதாம்மா" என்றாள் மகள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்தபோது வேண்டாம் என்கிற பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

கீழே மேஜை போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்தாள். நான் போனை எடுத்தேன். "நான் கட்றேங்க" என்றாள். "அதெப்படிங்க, தலைப்பிரசவம் எங்க பொறுப்பு" என்றேன். அவள் ரூபாய் நோட்டுகளை மேஜையில் வைத்தாள். நான் அந்த நோட்டுகளை எடுத்து அவள் பையிலேயே திணித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கச் சொந்தக்காரர்கள் கட்டிப் புரளுவார்களே, அப்படி. புதுச்சேரிக்காரி, "மனசைத் தளர விடுங்கம்மா" என்றாள் பாவம். அந்த இடைவெளியில் நான் ஸ்கேன் பண்ணிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு நிபந்தனை போட்டேன். "ஏழாம் மாசமே வளைகாப்பு வச்சிடலாங்க. நான் திண்டிவனம் கூட்டிக்கினு போய்ட்றேன். மிச்ச கிளாஸெல்லாம் போன்ல வருதாம். நான் பக்கத்துல இருந்து கத்துக்கறேன்." ஒன்பதாம் மாதம்தான் வைக்க வேண்டும் என்று அவள் சண்டைக்கு வருவாள், வந்தால் பதில் சொல்லலாம் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"சரிங்க சம்பந்திம்மா. ஒங்க பொண்ணு, ஒங்க இஷ்டம்" என்றாள். அவ்வளவுதான். நாலு பதிலும் வீணாய்ப் போயின. நம்பிக்கையில் அந்தப் பணத்தைக் கட்டினேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. பொறாமையில்தான் கட்டினேன்.

வளைகாப்பு முடிந்து மகள் திண்டிவனம் வந்தாள். தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கால் கழுவி, அவள் தோளில் கை வைத்து உட்காருவேன். மனசு அமைதியாகிற இடம் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடம் கடைதான்.

"மெஷினு போட்டாச்சி. லைட்டு எரியுது. பேப்பர் மெதுவா உள்ள போவுது. சூடா வெளிய வருது. இன்னொண்ணு போவுது..."

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தால், தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கிறாள். "ரெண்டு பக்கமும் பேக் டு பேக் போடும்மா, பேப்பர் மிச்சம்" என்கிறாள். சரி, கோயில் சொல்லலாம் என்று மயிலம் மலையில் ஏறினேன். பாதி மலையில் குரங்கு வந்து தேங்காயைப் பிடுங்கின கதை ஞாபகம் வந்து, குரங்கைத் திட்டுவதில் என் குரல் ஏறிவிட்டது. அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் வாரம் ஆக ஆக அவள் நன்றாகத் தளர ஆரம்பித்தாள். தோள் இறங்கியது, மூச்சு நீண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். பிறகு ஒருநாள் அவள் முடியை ஒதுக்கிவிடும்போது, காதுக்குள் சின்னதாக ஒரு இயர்போன் தெரிந்தது. பாட்டு கேட்கிறாளாக்கும் என்று எடுத்து என் காதில் வைத்தேன்.

"...அவசரமில்ல கண்ணு. மண்ணு குடிக்கட்டும்..."

"நான் காசு கட்டி, நான் கையை வச்சிக்கினு, தொண்டை வறளக் கத்திக்கினு இருக்கேன். நீ காதுல அவங்கள வச்சிக்கினு இருக்கியா?"

அவள் பயப்படவே இல்லை. "அத்தைகிட்ட கேட்டு ரெக்கார்டு பண்ணி வாங்கினேன். அவங்க குரலைக் கேட்டாத் தூக்கம் வருதும்மா. ஒன் குரலைக் கேட்டா எந்திரிக்கணும்போல இருக்கு. நான் இன்னா பண்ண? ஸ்கூல் படிச்ச காலம் பூரா 'எந்திரிடி, பஸ்ஸு வந்துடுச்சி'ன்னு இந்தக் குரல்தானே எழுப்பிச்சி. கேட்டாவே ஷூவைத் தேடத் தோணுது."

அந்த பஸ்ஸை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போய்ச் சட்னிக்குத் தேங்காய் துருவினேன். மூடி ஓடு வரைக்கும் துருவிவிட்டேன். மறுநாள் முதல் இயர்போனை அவள் ஒளிக்கவில்லை. நானே சார்ஜ் போட்டு வைத்தேன், ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே.

அந்த நாள் வந்தது. விடிகிற நேரத்தில் ஆரம்பித்து, காலையிலேயே ஊரில் உள்ள ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டோம். விழுப்புரத்திலிருந்து மருமகனும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினார்கள். வாசலில் நர்ஸ், "ஒருத்தர்தான் உள்ள. யாரு வர்றீங்க?" என்றாள்.

நானும் சம்பந்தியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மகள் என் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பிரசவம் ஆகப்போகிறவள் அவள். நான் தேர்வு முடிவுக்கு நிற்கிறவள்போல நின்றேன்.

"நீங்க போங்க சம்பந்திம்மா. பெத்தவங்கதானே போவணும்" என்றாள் அவள்.

விட்டேனா? ஒரு பேச்சுக்காவது "இல்லீங்க, நீங்க போங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவாளோ என்று பயந்து, சொல்லாமலே உள்ளே புகுந்துவிட்டேன்.

உள்ளே அலை என்று எவனும் சொல்லவில்லை. டாக்டரம்மா வலி என்றுதான் சொன்னாள். படுத்தபடியே இருந்ததில் இயர்போன் கழன்று கழன்று விழுந்தது. மகள் போனை என் கையில் கொடுத்து, "காதுகிட்ட வச்சிக்கம்மா" என்றாள். வைத்தேன். மோட்டார் போட்டார்கள். தண்ணீர் வந்தது. வலி ஏறும்போது அவள் நெற்றி சுருங்கும். அடுத்த மடை திறக்கும்போது மறுபடி விரியும். பொத்தின கை மெல்லத் திறக்கும். என் கண்ணால் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் முந்திக்கொண்டு உள்ளே வந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். சம்பந்தியின் குரலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கை மரத்துப்போனது. மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

மத்தியானம் தாண்டியதும் நிலைமை மாறியது. "இப்ப முக்கணும்மா, நல்லா முக்கு" என்றாள் டாக்டரம்மா. மகளுக்குக் கண் சொருகியது. "என்னால முடியலம்மா. நான் கொஞ்சம் தூங்கறேன்" என்றாள். போனில் சம்பந்தியம்மா, "அவசரமில்ல கண்ணு" என்றாள்.

"அவசரந்தாம்மா இருக்கு. மொதல்ல அதை நிறுத்துங்க" என்றாள் டாக்டரம்மா.

போனை ஸ்டூல் மேல் போட்டேன். என் மகள் தலை ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு எந்தப் பாத்தியும் ஞாபகம் இல்லை, எந்தப் புதுச்சேரிக்காரியும் ஞாபகம் இல்லை.

"எந்திரிடி!" என்று கத்தினேன். "எந்திரி! பஸ்ஸு வந்துடுச்சி! இன்னாடி தூக்கம் இப்ப? கண்ணைத் தொற! எந்திரிடின்றேன்!"

நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. மகள் கண்ணைத் திறந்தாள். செக்கச்செவேலென்று இருந்தது.

"கத்தாதடி! வலிக்குதுடி எனக்கு! போடி வெளிய! சனியனே, இங்கயும் வந்து உயிரை எடுக்கறியேடி!"

பிறந்து வளர்ந்து இத்தனை வருஷத்தில் அவள் என்னை 'டி' போட்டது அன்றைக்குத்தான். அந்தக் கோபத்திலேயே என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு முக்கினாள். நானும் விடாமல் திட்டினேன், அவளும் விடாமல் திட்டினாள். இரண்டு பேரும் திட்டிக்கொண்டே இருந்தபோது மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது. பெண் குழந்தை.

துடைத்துக் கொண்டுவந்து அவள் மார்பில் போட்டார்கள். நான் அழுதேன். அவள் வேர்த்துப் போன முகத்தோடு குழந்தையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னமோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"அத்தைகிட்ட சொல்லும்மா. அந்தத் தண்ணிப் பாத்திதான் என்னைக் காப்பாத்திச்சின்னு."

சரிடி மகராசி என்று வெளியே வந்தேன். என் கையில் அவள் நகம் பதிந்த இடம் எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா கதவை ஒட்டியே நின்றிருந்தாள். மருமகனும் என் வீட்டுக்காரரும் எழுந்து ஓடி வந்தார்கள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சம்பந்தியம்மாவிடம் திரும்பி, வாய் வராமல், "ஒங்க குரல்தான் காப்பாத்திச்சின்னு சொல்லச் சொன்னா" என்றேன்.

அவள் முகம் மலரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தணிந்த குரலில் கேட்டாள்: "ஒங்களை 'போடி'ன்னு சொல்லிச்சிங்களே. இங்க வரைக்கும் கேட்டுது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வலியில ஏதோ ஒளறிட்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுக்கில்லீங்க." அவள் தரையைப் பார்த்தாள். "என்னை ஒரு தபா மொறைச்சதில்ல. அத்தை, அத்தைன்னு மரியாதையாவே இருக்கும். அதுக்குக் கேப்பைக் களி புடிக்காதாமே? இப்பதான், இங்க ஒக்காந்திருக்கறப்ப ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு. இத்தினி நாளு எனக்காகத் தின்னிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே, இது வேணாம் போன்னு. ஒங்களைத்தாங்க அப்பிடித் திட்டுது."

அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. மாதக்கணக்காகத் தலை வாரும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுதான். ஐயோ பாவம், அவள் தோளில் கை வைத்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நானோ வயிறு குளிர்ந்துபோய் நின்றேன்.

"எம்மா!" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "எங்க போய்த் தொலைஞ்ச நீ?"

கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இன்னொரு தடவை கத்தட்டும் என்று காத்திருந்து, அதை சம்பந்தியம்மா நன்றாகக் கேட்டுவிட்டாளா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே போனேன்.